சுடேல்லை

நல்லூரில் கொடியேறிப் பதினைந்து நாளாகியிருந்தது. காலைத் திருவிழா முடிந்து பதினொரு மணியிருக்கும். செல்லப்பா சுவாமிகள் இருந்த தேரடிப் பக்கம், நிழலில் குந்தியிருந்தேன்.

திருவிழாவுக்கு வீதியை மறித்து, தார் தெரியாமல் மணல் பரப்பியிருந்தார்கள். செருப்புகளெல்லாம் எல்லைக்கு வெளியே. பவுசர் தண்ணீர் தெளித்துப் போன ஈரம் அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிட்டது. இந்த வெயிலில் காய்ந்த மணல் 50 பாகை செல்சியஸைத் தொடுவது பெரிய காரியமல்ல. சின்னப் பெடியள் குதிக்காலால் ஓடினார்கள். பட்டுவேட்டிக்காரர் ஒருவர் நிழலுக்கு நிழல் பாய்ந்தார். ஒரு ஆச்சி, "முருகா, முருகா" என்று அடிக்கொருதரம் காலை மாற்றினா.

இத்தனை பேருக்கும் நடுவில் ஒருவர் மட்டும் ஆறுதலாக நடந்து வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். வெறும்மேல், இடுப்பில் சால்வை. நட்டநடு வெயிலில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கால் அசையவில்லை. "என்ன பக்தி பாருங்கோ" என்றது பின்னால் ஒரு குரல். எனக்கோ நெஞ்சு பதறியது. என் பெரியப்பாவும் இப்படித்தான் நடந்தவர்.

மனைவி ஓடி வந்தா.

"இஞ்சருங்கோ, வெயிலுக்கை நிக்காதேங்கோ! கால் சுடேல்லையே?"

"சுடேல்லையப்பா."

"சுடேல்லையெண்டாத்தான் எனக்குப் பயம்."

கையைப் பிடித்து நிழலுக்குக் கொண்டுவந்து, இரவல் கதிரையில் இருத்தினா. நிலத்தில் அமர்ந்து, அவருடைய குதிக்காலைத் தன் மடியில் தூக்கி வைத்தா. இரண்டு முழத் தூரத்தில் அந்தப் பாதம். குதியில் கோடைக் குளத்துத் தரைபோல வெடிப்பு. பெருவிரலின் கீழே காய்த்த தோல். அதைச் சுற்றிச் செக்கச் சிவப்பு. சின்னவிரல் ஓரத்தில் உடைந்த பொக்களம்.

"இது எப்ப வந்தது?"

"எது?"

அவருக்குத் தெரியவில்லை. "பழஞ் சப்பாத்தைப் போடச் சொன்னன், கேட்டனீங்களே? புதுசைப் போட்டுக்கொண்டு கீரிமலை, நயினாதீவு, சந்நிதியெண்டு மூண்டு நாளா நடை. லண்டனிலை கண்ணை மூடச் சொல்லி நைலோன் நூலாலை குத்தினவை. இந்தக் காலுக்கு ஒருக்காவெண்டாலும் 'ஓம்' சொன்னனீங்களே?"

10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும் நூல் அது. அது படுவதை அறியாத கால் சப்பாத்துக் கடியையும் அறியாது, கொதிமணலையும் அறியாது. சலரோகம் ஆண்டுக்கணக்கில் இருந்தால் நரம்புகள் கால்விரலிலிருந்து மேல்நோக்கிக் கெட்டுக்கொண்டு வரும். பாதம் வியர்ப்பது குறையும், தோல் வறண்டு வெடிக்கும். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சின்னப் புண்ணும் ஆறாது. பெரியப்பாவுக்கு ஒரு விரலில் தொடங்கி முழங்காலோடு போனது.

கோயில் வீதியில் வெறுங்காலோடு நிற்கிற மரியாதையை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இதே மணல் விடியப்புறம் குளிர்ந்துதானே கிடக்கிறது? அப்போதும் கச்சான் கோதும் சிரட்டைத் துண்டும் கிடக்கும். பார்த்து நடத்திக் கூட்டிவர ஒரு ஆள் வேண்டும். ஊருக்கு வருகிற சொந்தங்களுக்கு வாழையிலை போட்டு விருந்து வைக்கிறோம். இரவில் அவர்களுடைய உள்ளங்காலை ஒருதரம் வெளிச்சத்தில் பார்த்துவிட நாங்கள் யாரும் நினைப்பதில்லை.

முதலுதவிக் கூடாரத்துப் பெடியன் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தான். "இருபது நிமிசம் ஊத்தவேணும் அம்மா. பிறகு ஆசுபத்திரியிலை காட்டுங்கோ. இனிப் பொக்களம் வந்தா உடைச்சுப்போடாதேங்கோ." அவ செம்பால் அள்ளி அள்ளி ஊற்றினா. அவர் தன் காலை, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாளி முடிய இன்னொரு வாளி வந்தது. அதுவும் முடிந்தபோது உள்ளே மணி அடித்தது. கதிரையில் இருந்தபடியே அவர் இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். அவ நிமிரவில்லை. சேலைத் தலைப்பின் நுனியால் ஒவ்வொரு விரலிடுக்காக ஈரத்தை ஒற்றிக்கொண்டிருந்தா.