ஜன்னலுக்கும் இனிஷியல் வேண்டும்

1999-இல் வெளியான ஆட்டோகேட் 2000-இல்தான் ஒரே நேரத்தில் பல வரைபடங்களைத் திறந்து வைக்கும் வசதி வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த வசதி! கையில் இரண்டு வீட்டு பிளான் இருக்கிறது. ராஜபாளையம் வீட்டு ஜன்னலை கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி அடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் வைத்துவிடலாம். பஸ் செலவுகூடக் கிடையாது :-)

ஆனால் நண்பர்களே, ஒரு விஷயம். அங்கே ஏற்கெனவே 'ஜன்னல்' என்ற பெயரில் ஒரு பிளாக் இருந்தால் அதுதான் ஜெயிக்கும். நீங்கள் காப்பி செய்தது 4 அடி, அங்கே இருப்பது 3 அடி என்றால், வந்து நிற்பது 3 அடி ஜன்னல்தான். கமாண்ட் லைனில் ஒரு வரி ஓடும், அவ்வளவுதான். அதை யார் படிக்கிறோம்? பிரிண்ட் தச்சர் கைக்குப் போய்விட்டால் மரம் வீண்.

அதனால் நான் பெயரிலேயே அளவைச் சேர்த்துவிடுவேன்: 'ஜன்னல்_4அடி'. ராஜாக்கள் நிறைந்த ராஜபாளையத்தில் இனிஷியல் இல்லாமல் ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா, என்ன?