நாற்பது வயசில் ஏறிய சைக்கிள்

சைக்கிள் கத்துக்கிட்ட கதையை எழுதுகிற எல்லாரும் சின்ன வயசிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். குரங்கு பெடல், வாடகை சைக்கிள், முட்டியில் சிராய்ப்பு, வீட்டில் அடி. படிக்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் ஆம்பளைப் பசங்க கதை. எங்க காலனியில் பொம்பளைப் புள்ளைக்கு அந்தக் கதை கிடையாது. நான் சைக்கிளில் ஏறியது 2011ல். அப்போது எனக்கு நாற்பது வயசு முடிந்திருந்தது.

எங்க ஊர் குத்தம்பாக்கம். பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு சைக்கிள் புதுசில்லை. 1949ல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள் கம்பெனி அம்பத்தூரில்தான் தொழிற்சாலை போட்டது. நாடு பூரா ஓடிய ஹெர்குலிசும் பி.எஸ்.ஏ.வும் நம்ம பக்கத்தில் செய்ததுதான். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று வேலைக்குப் போகிற ஆம்பளைகள் தூக்குச்சட்டியை ஹேண்டில் பாரில் மாட்டிக்கொண்டு விடிகாலையில் வரிசையாகப் போவார்கள். எங்க நைனாவும் செகண்ட் ஹேண்டில் ஒரு ஹெர்குலிஸ் வாங்கி வைத்திருந்தார். கொத்து வேலை செய்கிறவர். கரணையும் மட்டப்பலகையும் கேரியரில் இருக்கும். நெல் மூட்டை, விறகு, காய்ச்சலில் கிடந்த ஆயா எல்லாம் அதில்தான் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தேங்காயெண்ணெய் தொட்டு ரிம்மைத் துடைப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

அம்மா பொறந்த ஊர் காஞ்சிபுரம் பக்கம். பேர் வேண்டாம். அந்த மாதிரி ஊர் ஒண்ணா ரெண்டா? அங்கே போகும்போது முன்பாரில் துண்டைச் சுத்தி என்னை உட்கார வைத்துக்கொள்வார். சேரிக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்டணும். கோயில் முனை வந்ததும் நைனா இறங்கிவிடுவார். என்னையும் இறக்குவார். செருப்பைக் கழட்டிக் கேரியரில் சொருகுவார். தெரு முடிகிற வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடப்பார்.

"ஏன் நைனா எறங்கிட்ட?"

"டயர் சூடாயிடுச்சு கண்ணு. கொஞ்சம் ஆறட்டும்."

ரொம்ப வருசம் நான் அதை நம்பினேன். எப்போது போனாலும் டயர் அந்தக் கோயில் முனையில்தான் சூடாகும். தெருவின் கடைசி வூடு தாண்டினதும் ஆறிவிடும். பதிமூணு பதினாலு வயசில் புரிந்தபோது நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சாகிற வரைக்கும் சொல்லவில்லை. யாரும் "எறங்கு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லத் தேவையே இல்லாமல் அவர் கால் தானாகக் கீழே வந்துவிடும்.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள சம்பந்தம் நம்ம நைனாமார்களோடு ஆரம்பித்ததல்ல. 1929ல் அண்ணல் அம்பேத்கர் சாலிஸ்காவ் போயிருந்தார். பாரிஸ்டர் படித்தவர், அரசாங்கக் கமிட்டி வேலையாகப் போனவர். அவரைக் குதிரை வண்டியில் ஏற்றி ஓட்ட எந்த வண்டிக்காரனும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருத்தன் வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தான், ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். தலைவர் நடந்து வரக்கூடாது என்று நினைத்த நம்ம ஜனங்களில் ஒருத்தரே கடிவாளத்தைப் பிடித்தார். அவருக்கு ஓட்டிப் பழக்கமில்லை. வழியில் ஒரு பாலத்தில் வண்டி மோதி, அம்பேத்கர் கல் தளத்தில் தூக்கியெறியப்பட்டு, கால் எலும்பு முறிந்தது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். படித்தபோது எனக்கு அந்த ஓட்டியவர் மேல்தான் நினைப்புப் போனது. கத்துக்கொள்ள விடாமல் வைத்திருந்து, அவசரத்துக்கு கையில் கடிவாளத்தைக் கொடுத்தால் அவர் என்ன பண்ணுவார்?

எனக்கும் யாரும் கத்துக்கொடுக்கவில்லை. அண்ணன் காசு கொடுத்து வாடகை சைக்கிள் எடுத்து ஏரிக்கரையில் விழுந்து எழுந்து கத்துக்கொண்டான். நான் கேட்டதுக்கு அம்மா, "காலை அகட்டிக்கினு போவியா? எவன் கட்டிக்குவான்?" என்றாள். அதோடு சரி. கல்யாணமாகி ரெண்டு புள்ளை பெற்ற பிறகும் எங்கே போனாலும் நடைதான்.

1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் கம்பெனி ஓட ஆரம்பித்தது. அதைச் சுத்தியும் பெங்களூர் ரோட்டோரமும் சின்னதும் பெரிசுமாகக் கம்பெனிகள் முளைத்தன. அதில் ஒன்றில் கூட்டிப் பெருக்குகிற வேலை எனக்குக் கிடைத்தது. காண்டிராக்ட். காலை 6 மணி ஷிப்ட். கம்பெனி வேன் மெயின் ரோட்டில்தான் நிற்கும், உள்ளே வராது. இருட்டோடு எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, நாய்க்குப் பயந்துகொண்டு நடக்கணும். வேன் போய்விட்டால் ஷேர் ஆட்டோ. பத்து நிமிசம் லேட்டானால் அரைநாள் கூலி கட். மேஸ்திரியிடம் கெஞ்சினால், "சைக்கிள் கத்துக்கயேம்மா" என்று சிரிப்பார். கிண்டலுக்குத்தான் சொன்னார்.

பொண்ணு பதினொன்றாம் வகுப்புப் போனபோது பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுத்தார்கள். இந்தத் திட்டம் 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு என்றுதான் ஆரம்பித்தது. பிறகு 2005-06ல் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று ஆனது. எங்க வூட்டுக்கு வந்த முதல் புது சைக்கிள் அதுதான். நைனா இருந்தால் எண்ணெய் போட்டே தேய்த்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பொண்ணு சொன்னாள், "யம்மா, தொடச்சது போதும், ஏறு."

காலனியில் கத்துக்கொள்ள எனக்கு வெட்கம். சமத்துவபுரம் பக்கம் போனோம். எங்க ஊரில் 1996லிருந்து 2006 வரை பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர் ஆர். இளங்கோ. தலித், இன்ஜினியரிங் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தவர். அவர் காலத்தில் கட்டியது அது. எல்லாம் இரட்டை வூடு. சுவருக்கு இந்தப் பக்கம் நம்ம குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம். அந்தத் தெருவில் எங்கே இறங்கணும் என்று கோடு கிடையாது. கத்துக்கொள்ள நல்ல இடம்.

பொண்ணு முதலில் சீட்டை இறக்கினாள். உட்கார்ந்தால் ரெண்டு பாதமும் தரையில் முழுசாகப் படியணும், அந்த அளவுக்கு. நாலு நாள் பெடலைத் தொடவே விடவில்லை. காலால் தரையை உந்தி உந்திப் போகணும், ரெண்டு காலையும் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கணும். அப்புறம் ஏரிக்கரைச் சரிவு. புத்திக்கு ஏறாத விஷயம் ஒன்று இருக்கிறது. வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டிலைத் திருப்பணும். விழப்போகிறவள் எதிர்ப்பக்கம்தான் திருப்புவாள், அதனால்தான் விழுவாள். இன்னொன்று, மெதுவாகப் போனால் பத்திரம் என்று நினைக்கிறோம். மெதுவாகப் போனால்தான் வண்டி ஆடும். "மிதிம்மா, மிதிச்சாத்தான் நிக்கும். சக்கரத்தைப் பாக்காத, தூரமா பாரு" என்று அவள் பின்னால் ஓடி வருவாள். சின்னப் புள்ளை விழுந்தால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துவிடும். நாற்பது வயசில் விழுந்தால் பதினைந்து நாள் கூலி விழும். பயம் அங்கேதான் இருந்தது, காயத்தில் இல்லை. முந்தானையை இடுப்பில் இழுத்துச் சொருகி, கொசுவத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டேன். ரெண்டு புடவை செயினில் மாட்டிக் கிழிந்தது.

ஒரு மாசத்தில் ஓட்ட வந்துவிட்டது. ஏறத்தான் வரவில்லை. மைல்கல்லோ திண்டோ இருந்தால் அதில் காலை ஊன்றி ஏறிவிடுவேன். நட்டநடு ரோட்டில் நிறுத்தினால் மறுபடி ஏறத் தெரியாது. இது ரொம்ப நாள் இருந்தது.

அப்போதுதான் காலனியில் பாடம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஒருத்தர் புதுக்கோட்டைக் கதையைச் சொன்னார். 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துப் படிப்போடு சைக்கிளையும் சேர்த்து வைத்தார்கள். வயல் வேலைக்காரிகள், குவாரியில் கல்லுடைத்தவர்கள், அங்கன்வாடிப் பெண்கள் என்று ஆயிரக்கணக்கில் பொம்பளைகள் கத்துக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தில் சைக்கிளில் ஊர்வலமாகவே வந்தார்கள். ஆம்பளைகள் அசிங்கமாகப் பேசத்தான் பேசினார்கள். அவர்கள் நிறுத்தவில்லை. பத்திரிகையாளர் சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சில பொம்பளைகள் ஆம்பளை சைக்கிளே மேல் என்றார்களாம். முன்பாரில் புள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது காரணம். இதைக் கேட்டதும் எனக்கு நைனாவின் முன்பார் நினைவு வந்தது. அந்த வருசம் எனக்கு இருபதுதான். புதுக்கோட்டையில் பொறந்திருந்தால் இருபது வருசம் நடை மிச்சமாகியிருக்கும்.

மெயின் ரோட்டில் ஓட்டுவது தனிப் படிப்பு. ராட்சச டிரெய்லர், கண்டெய்னர், கார் ஏற்றிக்கொண்டு போகிற நீட்டு லாரி. லாரி தாண்டும்போது காத்து முதலில் வெளியே தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, தளர்த்தியும் விடக்கூடாது. ஓரத்து மண்ணில் இறங்கினால் வழுக்கும். இருட்டில் பின்னால் ஒளி அடிக்கிற சிவப்பு வில்லை கட்டாயம் வேணும். ஆறே மாசத்தில் வேனை நம்புவதை விட்டேன். கூலி கட் நின்றது. காலையில் முக்கால் மணி நேரம் கையில் மிச்சம் நின்றது. அதில் தூங்கினேன். எங்க பொம்பளைகளுக்கு முக்கால் மணி நேரத் தூக்கம் என்பது எவ்வளவு பெரிசு என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

2012ல் அம்மா ஊரில் பெரிய மாமா செத்துப்போனார். கருமாதி அன்றைக்குப் பாலும் கற்பூரமும் குறைந்தது. கடை ஊர்த்தெருவுக்கு அந்தப் பக்கம். அத்தை வூட்டு லேடீஸ் சைக்கிளை எடுத்தேன். "எறங்கித் தள்ளிக்கினு போ கண்ணு" என்று அத்தை சொன்னாள். தலையாட்டிவிட்டுத் திண்ணையில் காலை ஊன்றி ஏறினேன்.

கோயில் முனை வந்தது. மூணு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு கிழவர், "ஏமே, யாரு வூடு நீ? எறங்கு" என்றார். எங்க நைனாவின் கால் கீழே வந்த அதே இடம். நான் சுத்திப் பார்த்தேன். ஒரு கல் இல்லை, ஒரு திண்டு இல்லை.

"எறங்கினா ஏறத் தெரியாதுங்க! இப்பத்தான் கத்துக்கினு இருக்கேன்!" என்று கத்திக்கொண்டே பெல்லை அடித்தேன். மெதுவாகப் போனால் ஆடும் என்பதால் இன்னும் வேகமாக மிதித்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பையன் சிரித்துவிட்டான். தெரு முடிந்தது. டயர் சூடாகவில்லை.

இதை வீரம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அன்றைக்கு ராத்திரி மாமா பையனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "மெட்ராஸ் பக்கத்துப் பொம்பளை, தெரியாம வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பஸ் ஏறி வந்துவிடுவேன், அவன் அங்கேயே இருக்கணும். கூலிக்கு அவர்கள் நிலத்துக்குத்தான் போகணும். அவன் மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ல் வந்தது. அதை 2015ல் திருத்தினார்கள், 2016 சனவரி 26லிருந்து அமலுக்கு வந்தது. பொது இடத்தில் நம்ம ஆட்களை சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் தடுப்பது, செருப்புப் போடவிடாமல், புதுத்துணி உடுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்று அதில் தெளிவாக எழுதினார்கள். ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் சைக்கிள் என்ற வார்த்தையை இப்படி எழுத வேண்டியிருந்தது என்றால், எத்தனை முனையில் எத்தனை பேர் இறங்கியிருக்கணும்? எங்க நைனா அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

மாமா பையனின் மகள் இப்போது பள்ளிக்கூடச் சைக்கிளில் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறாள். யாரும் கூட்டம் போட்டு மாற்றவில்லை. ஒரே வருசத்தில் சேரியில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு சைக்கிள் வந்தது, காலையில் எல்லாம் கூட்டமாகவே போயின. தனி ஆளை நிறுத்தின மாதிரி ஏழெட்டுப் பேரை நிறுத்த அவர்களுக்கு முடியவில்லை.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எங்க ஊர்ப் பேரிலேயே பெரிய பஸ் நிலையம் கட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஹெல்மெட்டும் இறுக்கமான சட்டையுமாகச் சென்னைப் பிள்ளைகள் மெல்லிய டயர் சைக்கிளில் உடம்புக்காகப் பறக்கிறார்கள். நல்லது, பறக்கட்டும். காலனியில் இன்னும் நடந்தே போகிற பொம்பளைகள் இருக்கிறார்கள். சாயங்காலம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். சீட்டை இறக்கு, பெடலைத் தொடாதே, சாயற பக்கம் திருப்பு, தூரமா பாரு. கல் இல்லாமல் ஏறுவதையும் முதல் வாரத்திலேயே கத்துக்கொடுத்துவிடுகிறேன். இப்போது வருகிறவளுக்கு ஐம்பத்திரெண்டு வயசு. நேத்து மூணு தடவை விழுந்தாள். நாளைக்கு ஏரிக்கரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.