எட்டா, பத்தா, பதினாறா?

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு தம்பியை எல்லார் முன்னாடியும் கடிச்சு வெச்சிட்டேன். தப்பு என் மேல. உறுத்திக்கிட்டே இருக்கு, எழுதித் தொலைச்சிடறேன்.

ஆபீஸ்ல காமன் லிஸ்ப்ல எழுதின ஒரு சின்ன டூல் இருக்கு. கம்பைலர் எஸ்பிசிஎல், 1999-ல சிஎம்யூசிஎல்லிலிருந்து பிரிஞ்சு வந்தது. புதுசா சேர்ந்த தம்பி ஒரு ஃபங்ஷனை மாத்தினான். மறுநாள் விடை தப்பு. நானும் பெரிய ஆள் மாதிரி 'டிஸ்அசெம்பிள்' போட்டேன். லிஸ்ப்ல அது ஒரு சௌகரியம், ஃபங்ஷன் பேரைக் குடுத்தா மெஷின் கோடைக் கொட்டிடும்.

இடது ஓரம் முகவரி, ஹெக்ஸ். பக்கத்துல பைட்டுகள், அதுவும் ஹெக்ஸ். ரெண்டுக்கும் ஒரு அடையாளமும் கிடையாது. அடுத்து இன்ஸ்ட்ரக்‌ஷன். அங்க வர்ற சின்ன எண்கள் டெசிமல். அதே இடத்துல முகவரி வந்தா மட்டும் முன்னால ஹாஷும் எக்ஸும் ஒட்டிக்கும். ஒரே வரியில மூணு பழக்கம்!

சோர்ஸ்ல 8. இன்ஸ்ட்ரக்‌ஷன்ல 16. பைட்டுல 10. "எட்டு அனுப்பச் சொன்னா என்னத்தடா அனுப்பி வெச்சிருக்க?"ன்னு கத்திட்டேன். பையன் ஒண்ணும் பேசலை.

மறுநாள் காலைல ஒரு தாளோட வந்தான். "அண்ணா, மூணும் ஒண்ணுதான்."

64 பிட் எஸ்பிசிஎல்ல சின்ன முழு எண்களை ஒரு பிட் இடது பக்கம் தள்ளி வெப்பாங்க, கடைசி பிட் அது எண்தான்னு சொல்ற அடையாளம். அதனால 8 உள்ளே போனதும் 16. 16-ஐ ஹெக்ஸ்ல எழுதினா 10. அவ்ளோதான். உண்மையான தப்பு, நான் மூணு மாசம் முன்னாடி எழுதின லூப்புல இருந்தது.

லிஸ்ப்புக்கு இது தெரியாததும் இல்லை. 'ப்ரிண்ட்-ரேடிக்ஸ்'னு ஒரு மாறி ஸ்டாண்டர்டுலயே உண்டு. அதை ஆன் பண்ணிட்டு ஒரு எண்ணைப் பிரிண்ட் பண்ணினா, பத்து "10."னு ஒரு புள்ளியோட வரும், ஹெக்ஸ்னா முன்னால அடையாளத்தோட வரும். நம்ம பழைய தமிழ் எண்ல பத்துக்குத் தனி எழுத்தே இருக்கு, ௰. அதைப் பார்த்து யாரும் பதினாறுன்னு படிக்க முடியாது.

ஆனா பழியை டிஸ்அசெம்பிளர் மேல போட்டுத் தப்பிக்க முடியாதுங்க. எந்த அடிமானம்னு கேட்காம படிச்சது நான். அன்னிக்கு சாயங்காலம் அதே ஆட்கள் முன்னாடி மன்னிப்பு கேட்டேன். "பரவால்லண்ணா"ன்னு சிரிச்சான்.

அந்தத் தாள் இன்னும் என் மானிட்டர்லதான் ஒட்டியிருக்கு.