போக்சனின் அளவுகோலும் போக்சனின் கல்லும்

கமில்லா என்ற சிறுகோளின் படம் கேட்பவர்களுக்கு என்னால் காட்ட முடிவது ஒரு புள்ளி மட்டுமே. சுற்றியிருக்கும் நட்சத்திரங்களுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டினால், ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கும். 200 கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள கல் அது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையின் வெளிவிளிம்பில், சூரியனிலிருந்து பூமி இருப்பதைப்போல் மூன்றரை மடங்கு தொலைவில் இருந்துகொண்டு, ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிவருகிறது. கரிமம் கலந்த மேற்பரப்பு. விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஐந்து பங்கைத்தான் திருப்பி அனுப்பும். அடுப்புக்கரித் துண்டு ஒன்றை இரவில் தேடுவது போலத்தான்.

இந்தக் கரியை முதலில் கண்டுபிடித்தது சென்னையிலிருந்து. 1868 நவம்பர் 17 அன்று, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் வானியலாளர் நார்மன் போக்சன் இதைக் கண்டார். சென்னையின் நவம்பரை அறிந்தவர்களுக்கு இதுவே ஒரு வியப்பு. அடைமழைக் காலத்தில் மேகம் விலகிய நேரத்தையும் அவர் வீணாக்கவில்லை. சிறுகோள் தேடலுக்குப் புகைப்படத் தகடு வராத காலம். நட்சத்திர வரைபடத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்து, வரைபடத்தில் இல்லாத புள்ளி எது என்று கண்ணால் பொறுக்க வேண்டும். பிறகு அது நகர்கிறதா என்று காத்திருக்க வேண்டும். 1861இல் சென்னைக்கு வந்த ஆண்டிலேயே அவர் ஒரு சிறுகோளைக் கண்டிருந்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். 1866இல் சில்வியா. அதுவும் கமில்லாவைப்போல வெளிப்பட்டையில் திரியும் கறுத்த கல்தான். போக்சன் 1891இல் சென்னையிலேயே காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் ஹைடல்பர்க்கில் மாக்ஸ் வுல்ஃப் புகைப்படத்தின் வழியாக ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். கண்ணால் பொறுக்கும் கலை அதோடு ஓய்வுபெறத் தொடங்கியது.

என்னைப்போல் சிறுகோள்களின் வெளிச்சத்தை அளப்பவர்களுக்கு போக்சன் விட்டுப்போனது சிறுகோள்கள் மட்டுமல்ல. நட்சத்திரங்களை ஒளித்தரப்படி பிரிக்கும் பழைய வழக்கத்துக்குக் கணக்கு வைத்தவர் அவர்தான். ஐந்து ஒளித்தர வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் சரியாக நூறு மடங்கு, ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு என்று 1856இல் முன்வைத்தார். அப்போது அவர் இங்கிலாந்தில் இருந்தார். கமில்லாவை இன்று நான் அளக்கும் ஒவ்வொரு எண்ணும் அந்தக் கணக்கில்தான் பதிவாகிறது.

அளப்பது என்பதில் கமில்லாவுக்குப் பங்கு பாதிதான். மறு பாதி, பக்கத்து நட்சத்திரங்களை நம்புவது. நம் வானில் சூரியனுக்கு நேர் எதிரே வரும்போதுகூட அது 12ஆம் ஒளித்தரத்தை ஒட்டித்தான் இருக்கும். மெல்லிய மேகம் கடந்தாலும், வானில் கீழே இறங்கினாலும் அதன் வெளிச்சம் குறையும். அதே படத்திலுள்ள நட்சத்திரமும் கூடவே குறையும் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டால் வானத்தின் குறும்பு பெருமளவு கழிந்துவிடும். ஆனால் எந்த நட்சத்திரம் என்பதில்தான் தொழில் இருக்கிறது. சிறுகோள் காட்டுவது சூரிய வெளிச்சம். ஆகவே ஒப்பீட்டு நட்சத்திரமும் சூரியனின் நிறத்தை ஒத்திருக்க வேண்டும். சிவந்த நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டால், தொடுவானத்தை நெருங்க நெருங்க நீல ஒளி அதிகமாகத் தொலைந்து, கல்லே மங்குவது போல ஒரு பொய்ச்சரிவு வரும். எடுத்த நட்சத்திரமே ஒளி மாறும் வகையாகவும் இருந்துவிடலாம். அதனால் ஒன்றை நம்பாமல் நாலைந்தை வைத்து, அவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். கமில்லா ஒரு நாளில் முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நகரும். சில இரவுகள் கழிந்தால் பழைய நட்சத்திரங்கள் கேமராவின் பார்வையை விட்டுப் போய்விடும். பிறகு புதியவற்றோடு உறவு தொடங்க வேண்டும். வழியில் ஒரு மங்கலான நட்சத்திரத்தின் மேல் அது ஏறிப்போனால், அந்த நேரத்துப் புள்ளிகளைத் தயங்காமல் தள்ளிவிட வேண்டியதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது ஒரு வளைவு. கமில்லா 4 மணி 51 நிமிடத்தில் தன்னைத் தானே சுற்றிக்கொள்கிறது. இவ்வளவு பெரிய உடலுக்கு இது வேகம். நீண்ட பக்கம் தெரிந்தால் வெளிச்சம் ஏறும், குறுகிய பக்கம் தெரிந்தால் இறங்கும். ஒரு சுழற்சிக்கு இரண்டு மேடு, இரண்டு பள்ளம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே அரை ஒளித்தரம்வரை வித்தியாசம் வரும். போக்சன் கணக்கில் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல். ஒரே இரவில் முழுச் சுற்றும் கிடைத்துவிடும் என்பது இந்தக் கல் செய்யும் பெரிய உபகாரம். மாதக்கணக்கில் தொடர்ந்தால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: அருகே இருக்கும்போதே அதன் வெளிச்சம் நம்மிடம் வரச் சுமார் 20 நிமிடம் ஆகும், தொலைவு கூடக்கூட அந்த நேரமும் கூடும். அதைக் கழிக்காவிட்டால் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது.

இரண்டு மேடு என்பதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிய கரிமச் சிறுகோளான ஹைஜியா சுற்ற 27.6 மணி நேரம் ஆகும் என்று நெடுநாள் நம்பினார்கள். சிலியிலுள்ள பெரிய தொலைநோக்கி ஒன்றின் படங்கள் 2019இல் அது கிட்டத்தட்ட உருண்டை என்று காட்டின. சுழற்சி நேரமும் பாதியாகி 13.8 மணி ஆனது. உருண்டைக்கு ஒரு சுற்றுக்கு ஒரு மேடுதான் இருந்திருக்கிறது.

கமில்லாவுக்கு ஒரு நிலவு உண்டு என்று 2001இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி காட்டியது. இரண்டாவது நிலவு 2016இல் அறிவிக்கப்பட்டது. நிலவின் ஓட்டத்திலிருந்து எடை கிடைத்தது, எடையிலிருந்து அடர்த்தி: தண்ணீரைவிடச் சற்றுத்தான் அதிகம். உள்ளே வெற்றிடமோ பனிக்கட்டியோ நிறைய இருந்தாக வேண்டும். என் கருவியில் அந்த நிலவுகள் தென்படவே மாட்டா. அதற்காக என் வளைவுகள் வீண் என்று நான் நினைப்பதில்லை. 2018இல் கமில்லாவின் வடிவத்தைக் கணித்தவர்கள் பெரிய தொலைநோக்கிப் படங்களோடு, பல ஆண்டு ஒளி வளைவுகளையும், அது நட்சத்திரங்களை மறைத்த நேர அளவீடுகளையும் சேர்த்தே கணித்தார்கள். அடர்த்திக்கு எடை மட்டும் போதாது, வடிவமும் வேண்டும். ஒரு பருவத்தில் நாம் அதை ஒரு கோணத்தில்தான் பார்க்கிறோம். அடுத்த கோணத்துக்கு 14 மாதம் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நாள் இரண்டு மாதம் தள்ளிப்போகும் என்பதால், சில சுற்றுகள் நம் ஊரின் மழைக்காலத்தில் மாட்டிக்கொள்ளும். அந்த ஆண்டுகளில் வறண்ட வானமுள்ள ஊர்க்காரர்கள் எடுத்த வளைவுகளை வாங்கி என்னுடையவற்றோடு பொருத்திக்கொள்கிறேன்.