தாவீதின் கோபுரம்

புதுச்சேரி மிஷன் வீதி சம்பா கோயிலில் செபமாலை முடிந்ததும் மாதா பிரார்த்தனை தொடங்கும். ஒருவர் முன்னே சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்வார்கள். அந்த வரிசையில் மாதாவைத் தாவீதின் கோபுரம் என்பார்கள். அடுத்து, தந்தக் கோபுரம். இரண்டுமே விவிலியத்தின் இனிமைமிகு பாடலில் வருபவை. அங்கே இரண்டு இடத்திலும் காதலன் புகழ்வது காதலியின் கழுத்தை.

அந்தக் கழுத்து செபத்துக்குள் நுழைய வழி திறந்தவர்கள் 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் துறவிகள். பழைய உரைகளில் தலைவன் கிறிஸ்து, தலைவி திருச்சபை. டாய்ட்ஸ் மடத்து ரூப்பர்ட் அந்தத் தலைவியை நூல் முழுக்க மரியாளாகவே வைத்து உரை எழுதினார். கிறிஸ்து தலை, திருச்சபை உடல், இரண்டையும் இணைக்கும் கழுத்து மாதா என்ற விளக்கமும் அந்த நூற்றாண்டில் பிறந்ததுதான்.

காதலை மறைக்கப் போட்ட போர்வை இந்த உரைகள் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கூச்சப்படுகிறவன் வேகமாகத் தாண்டிப் போவான். கிளேர்வோ மடத்துப் பெர்னார்ட் 1135இல் தொடங்கி 1153இல் சாகும்வரை 86 பிரசங்கங்கள் எழுதியும் மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனத்தைத்தான் எட்டினார். அவர் விட்ட இடத்தில் தொடர்ந்த கில்பர்ட்டும் ஐந்தாம் அதிகாரத்தோடு நின்றுவிட, ஃபோர்டு மடத்து ஜான் இன்னும் 120 பிரசங்கங்களில் நூலை முடித்தார். மொத்தம் எட்டே அதிகாரம்!

ஈடு படித்தவர்களுக்கு இந்த நிதானம் பழகியது. நம்மாழ்வார் தலைவியாக நின்று ஏங்கும் பாசுரங்களுக்கு 13ஆம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் நம்பிள்ளை சொல் சொல்லாக நின்று பொருள் சொன்னார். வடக்குத் திருவீதிப் பிள்ளை அதை ஏட்டில் எழுதிவைத்ததே ஈடு. அங்கேயும் தத்துவம் வந்து பிரிவின் வலியைக் குறைத்துவிடவில்லை. பாரதி கண்ணனைக் காதலனாகவும் காதலியாகவும் பாடியது இதே புதுச்சேரியில் இருந்த காலத்தில்தான். இந்த மரபில் வளர்ந்தவர்களுக்கு பெர்னார்டைப் புரிந்துகொள்ளத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை.

அப்படியிருந்தும், நான் படித்த மறைக்கல்வி வகுப்புகளில் இனிமைமிகு பாடலை யாரும் திறந்து காட்டியதில்லை. அது எனக்கு இன்னும் வருத்தம்தான். பிள்ளைகள் முன்னால் படிக்கத் தயங்குவது புரிகிறது. ஆனால் பெர்னார்ட் தம் மடத்துத் துறவிகளுக்காக எழுதிய முதல் எட்டுப் பிரசங்கங்களில் பெரும்பாலானவை அந்தப் பாடலின் முதல் வரியில் தலைவி கேட்கும் முத்தத்தைப் பற்றியவை.