உபயம்

மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் போகும் சாலையில் சிற்பக் கடைகள் முடியும் இடத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. சிற்பக் கல்லூரி மாணவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து வாடகைக்குப் பிடித்த பட்டறை அது. உளிகள் எல்லாருக்கும் பொது. சுத்தி மட்டும் அவரவருக்குத் தனி. பிடி ஒரு கைக்குப் பழகிவிட்டால் இன்னொரு கைக்கு ஒத்துவராதாம். ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துக் கொட்டகையில் கிரைண்டர் ஓடுகிறது. பறக்கும் வெள்ளைத் தூசி எல்லார் புருவத்திலும் படிந்திருக்கிறது. ஓரத்தில் கிடக்கும் பாதி செதுக்கிய தூண் ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

இன்று சாமி சிலை இல்லை, எழுத்து. ஏதோ ஒரு கிராமத்துக் கோயிலின் குடமுழுக்குக்கு உபயதாரர் பெயர்களை வெட்டித் தரவேண்டும். பாலிஷ் போடாமல், கொத்தி மட்டமாக்கிய சாம்பல் நிறக் கல். செங்காவியில் நூல் அடித்து, வரி பிரித்து, தூரிகையால் எழுதி வருகிறார்கள். தலைப்பு ‘உபயம்’. அதை வெட்டுவது ஒரு பெண். துப்பட்டாவை மூக்கு மறையக் கட்டியிருக்கிறாள்.

‘ப’வில் இருக்கிறாள். காவிக் கோட்டின் நடுவே கூர் உளியால் முதலில் ஒரு மெல்லிய தடம். பிறகு பட்டை உளியைச் சாய்த்து இடப்பக்கச் சரிவு, அப்புறம் வலப்பக்கச் சரிவு. இரண்டும் அடியில் ஒரே கோட்டில் வந்து சேரவேண்டும். உளியை அதிகம் படுக்கவைத்தால் சறுக்குகிறது. நிமிர்த்தினால் கல் சில்லாகப் பெயர்கிறது. மூலைக்குப் பக்கத்தில் வந்ததும் கையை நிறுத்திவிட்டு உளியைத் திருப்புகிறாள். மூலையிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டு வருகிறாள். உள்ளே பார்த்து வெட்டினால் மூலை உடைந்து போகும். நாலு தட்டு, ஒரு ஊதல், ஈரத் துணியால் ஒரு துடைப்பு, மறுபடி நாலு தட்டு. ‘உ’வை முன்பே முடித்திருக்கிறாள். அந்த வளைவில் தட்டுக்குத் தட்டு உளி திரும்பிய அடையாளம் இன்னும் தெரிகிறது. அதை இழைக்கவேண்டும்.

நான் ஈய எழுத்துக் கோத்துப் பழகியவன். அதனால் என் கண் எழுத்தை விட்டு இடைவெளிக்குத்தான் போகிறது. அச்சுக்கோப்பில் வெற்றிடமும் ஒரு பொருள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ‘ஸ்பேஸ்’, வரிக்கும் வரிக்கும் நடுவே ‘லெட்’, எல்லாம் உலோகத் துண்டு. ஸ்டிக் என்னும் கைச்சட்டத்தில் எழுத்தைத் தலைகீழாக, இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் மெல்லிய ஸ்பேஸ்களைச் செருகி வரியை இறுக்கவேண்டும். வரி தளர்ந்திருந்தால் மெஷினில் எழுத்து எழும்பி வந்துவிடும். வெற்றிடத்தை விரலால் தொட்டுப் பழகியவனுக்குத்தான் வேலை கொடுப்பார்கள். 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானதிலிருந்து, 1712-ல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய அச்சு எந்திரத்திலிருந்து, ஆஃப்செட் வரும்வரை தமிழ் எழுத்துக் கோத்த விரல்கள் அத்தனையும் இதைக் கற்றிருக்கும்.

கல்லில் இடைவெளி என்பது தொடாமல் விட்ட கல். ஈயத்தில் இடுக்கியால் பிடுங்கி மாற்றலாம். இங்கே அது நடக்காது.

அடுத்த வரிக்குக் காவி தீட்டும் பையன் ஸ்கேல் வைத்து அளக்கிறான். எழுத்துக்கு எழுத்து ஒரே அளவு. எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் வரி எங்கேயோ இடிக்கிறது. நேர்க்கோடும் நேர்க்கோடும் பக்கத்தில் வந்த இடம் நெரிசலாகவும், வளைவு வந்த இடம் ஓட்டையாகவும் தெரிகிறது. முக்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் முதல்தடவையாக வாய் திறக்கிறார்.

“ஸ்கேல கீழ வைடா. எழுத்தப் பாக்காத, நடுவுல நிக்கிற கல்லப் பாரு.”

பையன் துடைத்துவிட்டு மறுபடி எழுதுகிறான்.

இந்த ஊருக்கு எழுத்து புதிதல்ல. தர்மராஜ ரதத்தில் மாடங்களுக்கு மேலே பல்லவ கிரந்தத்தில் மன்னனின் பட்டப்பெயர்கள் இருக்கின்றன. சாளுவன்குப்பத்து அதிரணசண்டக் குகையில் ஒரே சுலோகங்களை ஒரு பக்கம் கிரந்தத்திலும் எதிர்ப்பக்கம் நாகரியிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். கடற்கரைக் கோயிலில் ராஜராஜன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு. மாணவர்கள் போய்ப் பார்த்து வந்திருக்கவேண்டும். சுவரோரம் திறந்து கிடக்கும் நோட்டில் பென்சிலில் பார்த்து வரைந்த கிரந்த எழுத்துகள்.

இங்குள்ள சிற்பக் கல்லூரி 1957-ல் பயிற்சி நிலையமாகத் தொடங்கியது. பின்னால் அதன் முதல்வராக இருந்த கணபதி ஸ்தபதியைக் குமரிக்கடலில் நிற்கும் 133 அடி வள்ளுவருக்காக உலகம் அறியும். ஸ்தபதியின் பெயர் சொல்லும் சென்னை வள்ளுவர் கோட்டத்தில் 1330 குறளும் கல்லில் இருக்கின்றன. அங்குள்ள கல் தேரைப் படம் பிடிப்பவர்கள் அந்த எழுத்தின் முன்னால் அவ்வளவாக நிற்பதில்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது. அத்தனை குறளிலும் ஒவ்வொரு கொம்பையும் காலையும் யாரோ ஒருவர் குனிந்து உட்கார்ந்துதான் வெட்டியிருக்கவேண்டும்.

பெண் ‘ம்’முக்கு வந்துவிட்டாள். புள்ளி. பழைய கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இராது. படிப்பவர்தான் மெய்யா உயிர்மெய்யா என்று கண்டுகொள்ளவேண்டும். ஈய எழுத்தில் புள்ளியோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். தேய்ந்த எழுத்தில் புள்ளி விழாமல் போனால் ‘ம்’ ‘ம’வாகிவிடும், புரூஃபில் அதைத்தான் முதலில் தேடுவோம். இவள் கூர் உளியை நேராக நிறுத்தி, ஒவ்வொரு தட்டுக்கும் விரலிடையில் சற்றே உருட்டுகிறாள். மாவு உதிர்கிறது. பள்ளம் வட்டமாக வரவேண்டும், ஓரம் பெயரக்கூடாது. கோடு வெட்டும்போது விட்ட மூச்சை இங்கே அடக்கிக்கொள்கிறாள். வெட்டி முடித்து ஆள்காட்டி விரல் நுனியைப் பள்ளத்துக்குள் வைத்துச் சுற்றிப் பார்க்கிறாள்.

இப்போது பெரும்பாலான பெயர்ப் பலகைகளுக்குக் கம்ப்யூட்டரில் எழுத்து அடித்து, ஸ்டிக்கர் வெட்டிக் கல்லில் ஒட்டி, மணலைப் பீய்ச்சி அடித்து எடுத்துவிடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடிகிறது, கூலியும் குறைவு. ஊருக்குக் கட்டுப்படியாகிறது, குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் ஸ்டிக்கர் ஒட்டத் தெரிந்தவருக்குக்கூட இடைவெளி பார்க்கும் கண் வேண்டும். அந்தக் கண் இப்படி ஞாயிற்றுக்கிழமைகளில், கூலி பெரிதாக இல்லாத ஒரு கல்லில்தான் உண்டாகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழுகிறது. உச்சியில் மங்கிக் கிடந்த ‘உபயம்’ இப்போது ஒரு பக்கச் சரிவில் நிழல் ஏறி நாலு எழுத்தும் பளிச்சென்று தெரிகிறது.

பையன் மூன்றாவது வரியில் மாட்டிக்கொண்டிருக்கிறான். உபயதாரர் பெயர் நீளம். ஓரத்து நூலைத் தாண்டுகிறது.

“ஐயா, இனிஷியல மேல் வரியில விட்டுட்டு பேர கீழ போட்டுக்கவா?”

“வேணாம்டா. அவரும் அவங்க அப்பாவும் ஒரே வரியில இருக்கட்டும். எழுத்தச் சின்னது பண்ணு.”

“இந்த ஒரு வரிய மட்டுமா? பக்கத்துல இருக்கிறவங்க பெருசா தெரிவாங்களே.”

பெரியவர் எழுந்து வந்து கல்லின் மேல் குனிகிறார். எழுதிய மூன்று வரியையும் ஈரத் துணியால் துடைக்கச் சொல்கிறார்.

“எல்லாத்தையும் குறைச்சிடு.”

“அரை அங்குலம் குறைக்கவா ஐயா?”

“கால் போதும்.”

பெண் தன் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, நூலின் மறுமுனையைப் பிடிக்க வருகிறாள்.