பார்சிலோனாவில் மூன்று நாட்கள்

ஒரு நகரத்தை முதன்முறை காணச் செல்பவன் அந்நகரம் அழைத்த வழியே செல்கிறான். இரண்டாம் முறை செல்பவனோ தனக்கு வேண்டியது இன்னதென்று அறிந்து செல்ல வேண்டியவனாகிறான். முதற்பயணத்துக்கு ஒரு வழிகாட்டி நூல் போதும். மறுபயணத்தில், அதுவும் மூன்றே நாட்கள் கொண்ட மறுபயணத்தில், எதைக் காண்பது என்பதினும் எதைக் காணாது விடுவது என்பதே பெரிய கேள்வியாகி விடுகிறது. கடந்த இரண்டு மாதங்களாக எங்கள் வீட்டில் இக்கேள்விக்கே விடை தேடிக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் மீண்டும் காண விரும்பும் நகரம் பார்சிலோனா. ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கில், மத்தியதரைக் கடலை நோக்கி அமைந்திருப்பது. கட்டடக் கலையில் ஈடுபாடுடையோர் இந்நகரின் பெயரைக் கேட்டதுமே அன்ரோனி கௌடி என்னும் மேதையை நினைப்பர். ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் படவரைஞராக வாழ்நாளைக் கழித்த எனக்கு அந்நகரம் ஒரு பாடசாலை போன்றது. 2008ஆம் ஆண்டு, பாரிஸ் மாநகரில் வாழும் மகளிடம் சென்றிருந்த வேளையில், நானும் என் மனைவியும் இரவுப் புகையிரதத்தில் ஏறி அங்கே சென்று வந்தோம். அந்த இரவுச் சேவை 2013ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுவிட்டது. இப்பொழுது கடுகதிப் புகையிரதம் ஏறக்குறைய ஆறரை மணித்தியாலத்தில் பகலிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வருகிற ஒக்டோபர் மாதம் மகள் வீட்டிலிருந்து மூன்று நாட்களுக்கு அங்கே செல்வதெனத் தீர்மானித்திருக்கிறோம்.

இப்பயணத்தைத் தள்ளிப்போட முடியாமைக்குக் காரணம் உண்டு. என் மனைவிக்குக் கண் அழுத்த நோய். ஆங்கில வைத்தியர் குளுக்கோமா என்பர். இந்நோய் பார்வை நரம்பை மெல்ல மெல்லத் தேய்க்கிறது. பார்வையின் ஓரங்கள் முதலிற் குறைந்து, நடுப்பகுதி மட்டும் தெளிவாய் எஞ்சுகிறது. காலையும் இரவும் இடும் மருந்துத் துளிகள் எஞ்சியதைக் காக்க உதவுமேயன்றி, இழந்ததை மீட்டுத் தரமாட்டா. நேரே உள்ளதை அவர் நன்றாகவே காண்கிறார். ஆனால் பக்கத்தில் வருபவரையும், காலடியில் உள்ள படியையும், மங்கிய வெளிச்சத்தில் உள்ளவற்றையும் காண்பது அவருக்குக் கடினமாகிவிட்டது. மருத்துவர் பயணத்தைத் தடுக்கவில்லை. துளிகளை மட்டும் தவறவிடலாகாது என்றார்.

பட்டியல் எழுத உட்கார்ந்த முதல் நாள் இரவு பதினான்கு இடங்கள் தாளில் ஏறின. அவற்றை நான் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "இஞ்சருங்கோ, எனக்கு எல்லாம் பார்க்க வேண்டாம். பார்க்கிறதை ஆறுதலாய்ப் பார்க்க வேணும்" என்றார்.

அந்த ஒரு சொல்லே எங்கள் திட்டத்துக்கு அளவுகோலாயிற்று. ஒளியாற் சிறந்தது எது, கையாற் தொட்டு அறியத்தக்கது எது, காதாற் கேட்டு இன்புறத்தக்கது எது என்று ஒவ்வொன்றாய்த் தேர்ந்தோம். ஏறி இறங்கும் படிகள் மிகுந்தவற்றை விட்டோம். முன்னர் கண்டு, இன்றும் மனத்தில் அழியாமல் நிற்பவற்றையும் விட்டோம். குயெல் பூங்காவைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. அங்கே பாம்புபோல் வளைந்து செல்லும் நீண்ட இருக்கையும், அதன்மேல் உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பதித்த சித்திர வேலையும் காணக் கண்கோடி வேண்டும். அம்முற்றத்தில் விழும் மழைநீர் மணலூடு வடிந்து, கீழே நிற்கும் தூண்களின் உட்புறத்தால் இறங்கி, நிலத்தடித் தொட்டியிற் சேருமாறு கௌடி அமைத்திருக்கிறார். ஆயினும் அது மேட்டில் உள்ள இடம். மனைவியோ, "அந்த வாங்கின் வழுவழுப்பு இன்னும் என்ரை கையிலை இருக்கு. திரும்பப் போகத் தேவையில்லை" என்றார். அதன்பின் நான் வாதாடவில்லை.

எஞ்சிய இடங்களுள் முதலாவது சக்ராடா ஃபமிலியா என்னும் திருக்குடும்பத் தேவாலயம். இதன் அடிக்கல் 1882ஆம் ஆண்டு நாட்டப்பட்டது. அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற கௌடி, தமது இறுதிக்காலம் வரை, நாற்பத்து மூன்று ஆண்டுகள், இதனோடேயே வாழ்ந்தார். 1926ஆம் ஆண்டு ஜூன் மாதம் வீதியில் ட்ராம் வண்டி மோதிக் காயமுற்று மூன்றாம் நாள் மறைந்தார். அவரது உடல் அவ்வாலயத்தின் நிலவறையிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது. பத்து ஆண்டுகளின் பின், 1936ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், அவருடைய வேலைக்கூடம் எரியூட்டப்பட்டது. சாந்து மாதிரியுருக்கள் நொறுக்கப்பட்டன. பின்வந்தோர் அத்துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, அவற்றிலிருந்தே அவருடைய எண்ணத்தைப் படித்து வேலையைத் தொடர்ந்தனர்.

நாங்கள் 2008இல் சென்றபோது எட்டுக் கோபுரங்கள் நின்றன. உட்புறமெங்கும் சாரக்கட்டுகளும் தூசியும் உளியோசையுமாய் இருந்தது. 2010 நவம்பர் 7ஆம் நாள் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ற் அதனை அபிஷேகஞ் செய்து வைத்தார். 2021 டிசம்பர் 8ஆம் நாள் மரியன்னையின் கோபுரத்து உச்சியில் நட்சத்திரம் ஒளியேற்றப்பட்டது. 2025 ஒக்டோபர் 30ஆம் நாள், நடுக்கோபுரத்தின்மேல் சிலுவையின் ஒரு பகுதி ஏற்றப்பட்டபோது, ஜெர்மனியில் உல்ம் நகரத்து ஆலயத்தின் 161.53 மீற்றர் உயரத்தைக் கடந்து, உலகிலேயே மிக உயர்ந்த தேவாலயம் என்னும் பெயரை அது பெற்றது. நடுக்கோபுரத்துக்கு வகுக்கப்பட்ட முழு உயரம் 172.5 மீற்றர். கடவுள் படைத்த மொன்ஜூயிக் குன்றினும் மனிதன் கட்டியது உயரலாகாது என்பது கௌடியின் எண்ணம். ஆகவே, நாங்கள் மறுமுறை காணப்போவது முன்பு கண்ட ஆலயம் அன்று. நாங்கள் முதுமையடைந்த அதே ஆண்டுகளில் அது வளர்ந்திருக்கிறது.

கோபுரத்தில் ஏற மின்தூக்கி உண்டு. ஆனால் இறங்குவது ஒடுங்கிய சுழற்படிகளால். எனவே கோபுரச் சீட்டு வேண்டாம் என்று முடிவு செய்தோம். உள்ளே, மரங்களைப்போல் கிளைவிட்டு மேலே விரியும் தூண்களினிடையே அமர்ந்திருப்பதே எங்கள் நோக்கம். கிழக்குப் புறத்துக் கண்ணாடிகள் நீலமும் பச்சையுமானவை. மேற்குப் புறத்தன சிவப்பும் செம்மஞ்சளுமானவை. காலையொளி ஒரு நிறமாகவும் மாலையொளி வேறொரு நிறமாகவும் உள்ளே பாயும். சீட்டிற் குறித்த நேரத்துக்கே நுழையலாம், வெளியே வந்தபின் மீண்டும் நுழைய முடியாது. ஆதலால், காலையா மாலையா என்பதை இங்கிருந்தே தீர்மானிக்க வேண்டியிருந்தது. "முந்திக் காலமை போனோம். இந்த முறை பின்னேரம் போவோம்" என்றார் மனைவி. ஒக்டோபர் மாதத்தில் சூரியன் தாழ்ந்து செல்வதால் மேற்கொளி உள்ளே நெடுந்தூரம் நீளும் என்பது என் கணக்கு. மாலை நான்கு மணிச் சீட்டை மகள் வாங்கிவிட்டாள்.

இவ்விடத்தில் மாணவர்களுக்காக ஒரு செய்தி. கௌடி தமது வளைவுகளின் வடிவத்தை எவ்வாறு கண்டார் தெரியுமா? நகருக்கு வெளியே குயெல் குடியிருப்பில் ஓர் ஆலயம் அமைக்கத் தொடங்கியபோது, கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டு, அவற்றில் சிறு ஈயக்குண்டுப் பைகளைக் கட்டினார். பாரத்துக்கேற்ப நூல்கள் தாமே வளைந்து நின்றன. அதனைப் படமெடுத்துத் தலைகீழாகத் திருப்பினால், கல்லினால் கட்ட வேண்டிய வளைவு கிடைத்துவிடும். தொங்கும் நூலில் உள்ளது இழுவிசை மட்டுமே. தலைகீழானபோது அதுவே அழுத்தவிசையாகிறது. கல்லோ இழுவையைத் தாங்காது, அழுத்தத்தை நன்கு தாங்கும். இதனை மனைவிக்கு விளக்க, அவரது கழுத்துச் சங்கிலியின் இரு முனைகளையும் அவருடைய இரு கைகளிலேயே கொடுத்தேன். கைகளை அகற்றியும் நெருக்கியும் பார்த்தார். பின்னர் ஒரு விரலால் அதன் வளைவைத் தடவி, "இதைக் கவிழ்த்தால் கோயில். அவ்வளவுதானே?" என்றார். நான் பல ஆண்டுகள் படங்களில் வரைந்ததை அவர் ஒரு விரலால் அறிந்துகொண்டார்.

இரண்டாவது இடம், தேவாலயத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் உள்ள சான்ற் பௌ மருத்துவமனை. லூயிஸ் டொமெனெக் என்னும் கலைஞர் 1902ஆம் ஆண்டு தொடங்கியது. அவர் மறைந்தபின் அவருடைய மகன் தொடர, 1930இல் நிறைவெய்தியது. தோட்டத்தினிடையே தனித்தனி மண்டபங்கள், அவற்றை இணைக்க நிலத்தடிப் பாதைகள், சுவரெங்கும் வண்ண ஓடுகள். காற்றும் ஒளியும் அழகும் நோயாளிக்கு மருந்தாகும் என்று கருதி எழுப்பப்பட்ட கட்டடம் அது. முன்னர் நாங்கள் சென்றபோது அங்கே நோயாளர் இருந்தனர். 2009இல் அவர்கள் அருகேயுள்ள புதிய கட்டடத்துக்கு மாற்றப்பட்டனர். 2014இலிருந்து பொதுமக்கள் சுற்றிப் பார்க்கலாம். நோயோடு வாழும் ஒருவரை அங்கே அழைத்துச் செல்வது பொருத்தமாய் எனக்குத் தோன்றியது. இரண்டாம் நாட் காலை அதற்கு. பின் கௌடியின் பெயர் தாங்கிய அகன்ற வீதி வழியே மெல்ல நடந்து மாலையில் தேவாலயம்.

நடக்கும் தூரத்தைக் கணக்கிடுவதற்கு இந்நகரம் மிக வசதியானது. பழைய மதில்களை இடித்தபின், 1859ஆம் ஆண்டு இல்டெபொன்ஸ் செர்டா என்னும் பொறியியலாளர் புதிய நகர்ப்பகுதியைச் சதுரங்கப் பலகைபோல் வகுத்தார். ஒவ்வொரு சதுரத்தின் பக்கமும் 113.3 மீற்றர், இடைப்பட்ட சாதாரண வீதியின் அகலம் 20 மீற்றர். சதுரத்தின் மூலைகள் யாவும் வெட்டப்பட்டிருப்பதால் சந்திகள் அகன்று, வெளிச்சமும் காற்றும் நிறைந்திருக்கும். ஆனால் நேரே நடப்பவர் ஒவ்வொரு சந்தியிலும் சற்று உள்ளே வளைந்துதான் வீதியைக் கடக்க வேண்டும். பக்கப் பார்வை குறைந்தவருக்கு இது சிரமம். ஆகையால் நான்கு சதுரங்களுக்கு மேற்பட்ட தூரமெனின் வாடகைக் காரில் செல்வதென்று குறித்துக்கொண்டோம்.

மூன்றாவது, இசை மண்டபம். அதே டொமெனெக், 1891ஆம் ஆண்டு தோன்றிய ஒரு பாடகர் குழுவுக்காக 1905 முதல் 1908 வரை கட்டியது. வந்து சேரும் நாளின் இரவு எட்டு மணிக்கு அங்கே ஒரு கச்சேரி. பயணக் களைப்பில் கண் ஓய்வெடுக்க, காது மட்டும் விழித்திருந்தாற் போதும். நான்காவது, கௌடி 1904 முதல் 1906 வரை திருத்தியமைத்த பற்லோ இல்லம். அதன் நடுவே ஒளி இறங்கும் கூடத்தில், மேலே கருநீல ஓடுகள், கீழே வரவர வெளிறிய நீலம். யன்னல்களோ மேலே சிறியன, கீழே பெரியன. மேல்மாடியில் இருப்பவருக்கும் கீழ்மாடியில் இருப்பவருக்கும் வெளிச்சம் ஒப்பக் கிடைக்க வேண்டும் என்பதே காரணம். கைப்பிடிகள் பிடிக்கும் கைக்கு இசைய வார்க்கப்பட்டவை. அது மூன்றாம் நாட் காலைக்கு.

இவ்வாறு நான்கு இடங்களோடு பட்டியல் முடிந்தது என்றே நினைத்தேன். தாளை மடிக்கப் போகையில் மனைவி, "உங்கடை அந்தத் தட்டைக் கட்டடம் எங்கே?" என்று கேட்டார். அவர் குறிப்பிட்டது, மீஸ் வான் டெர் றோ 1929ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக ஜெர்மன் தேசத்தின் சார்பில் அமைத்த மண்டபம். எட்டு உருக்குத் தூண்கள் தாங்கும் ஒரு தட்டைக் கூரை, சில கற்சுவர்கள், இரண்டு நீர்த்தடாகங்கள், இவ்வளவே. கண்காட்சி முடிந்தபின் 1930இல் அது கழற்றப்பட்டது. ஆயினும் பழைய படங்களைக் கொண்டு 1983 முதல் 1986 வரை அதே நிலத்தில் மீண்டும் எழுப்பினர். என் இளமையில் அதன் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகியவன் நான். அதில் வண்ணக் கண்ணாடியும் இல்லை, சித்திர ஓடும் இல்லை. அவருக்கு அங்கே காண அதிகம் இராது என்றெண்ணி நான் சேர்க்கவில்லை.

"தண்ணியோரத்திலை நீளமான கல்வாங்கு ஒண்டு இருக்குதெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்? நான் அதிலை இருக்கிறன். நீங்கள் ஆசைதீரப் பாருங்கோ. பிறகு வந்து எனக்குச் சொல்லுங்கோ" என்றார்.

மூன்றாம் நாட் பிற்பகலில் அது சேர்ந்துவிட்டது. அவருடைய அளவுக்கு நான் திட்டம் வகுத்தேன் என்றிருந்தேன், அவரோ என்னுடைய அளவையும் மறவாமல் வைத்திருந்தார். குடும்பமாகப் பயணம் செல்ல எண்ணும் வாசகர்கள், இடங்களின் பட்டியலை எழுதுமுன் உடன் வருபவரின் கால், கண், விருப்பம் என்பவற்றை எழுதிக்கொள்வார்களாயின், பட்டியல் தானே குறுகும். குறுகியதில் குறையொன்றும் தோன்றாது.

இப்பொழுது திட்டம் ஒரே தாளில், பெரிய எழுத்தில், சுவரில் தொங்குகிறது. அதன் ஓரத்தில் மருந்துத் துளிகளின் நேரமும் எழுதப்பட்டிருக்கிறது: காலை ஏழு, இரவு ஏழு. கச்சேரி எட்டு மணிக்குத் தொடங்குவதால் அதற்கும் இடையூறு இல்லை.